வலென்சியாவில் மகளுக்கு ஒரு தெரு

வாடகைக்கு வீடு காட்டுவது என் வேலை. வீட்டைக் காட்டுவது லேசு, அக்கம்பக்கத்தை நம்பவைப்பதுதான் கஷ்டம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இதையெல்லாம் பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் பிள்ளைகளோடு வீடு தேடி அலைந்த உங்களுக்கு விளங்கும்.

பஸ் தரிப்பு

லண்டனில், வால்தம்ஸ்டோ பக்கம் ஒரு வீடு காட்டப் போயிருந்தேன். வீடு பார்க்கப் பிளேஸ்டோ பக்கமிருந்து வந்த பெண் வாசலுக்கே வரவில்லை. தூறலில், குழந்தை வண்டியோடு எதிரேயிருந்த பஸ் தரிப்பில் நின்றுவிட்டாள். "உள்ளுக்கு வாங்கோ தங்கச்சி, ஹீட்டர் போட்டிருக்கிறன்" என்று கூப்பிட்டேன்.

"வீட்டைப் பிறகு பாப்பம் அக்கா. முதல்ல இந்த பஸ்ஸில ஆர் ஆர் இறங்குகினம் எண்டு பாப்பம்."

லீவு கேட்ட அன்று

மருமகனுக்கு ஸ்பெயினில், வலென்சியாவில் வேலை கிடைத்தது. கடற்கரைப் பக்கம் ஒரு வீடு, ஊருக்குள்ளே சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வீடு. இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். பேத்தி நிலாவுக்கு நாலு வயது. பாஷை தெரியாத ஊரில் அவளுக்கு ஒன்று நடந்தால் யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தே எனக்கு நித்திரை போனது. மகள் ஆரணி, "நீங்களே வந்து பாருங்கோ" என்றாள். முதலாளி சிவா அண்ணையிடம் ஒரு கிழமை லீவு கேட்டேன்.

"நீங்கள் திருப்திப்பட்டு நான் ஒரு வீடும் காணேல்லை. உங்கட மகள் ரோட்டிலதான் இருக்கப்போறாள்."

ஷட்டர்

வலென்சியா போய்க் கடற்கரை வீட்டைப் பார்த்த உடனேயே வேண்டாம் என்றுவிட்டேன். கோடையில் வந்து போகிறவர்கள்தான் அதிகம். பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. சந்தைத் தெரு பிடித்திருந்தது. மதியம் நிலாவைக் கூட்டிக்கொண்டு தனியாக அங்கே போனேன். திடீரென்று கடைகளின் ஷட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழத் தொடங்கின. யாழ்ப்பாணத்தில் பட்டப்பகலில் அந்தச் சத்தம் கேட்டால் என்ன அர்த்தம் என்று எங்கள் சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, நாங்கள் தங்கியிருந்த ஹோட்டலுக்கு ஓடினேன். "இந்த இடம் வேண்டாம், ஏதோ பிரச்சினை துவங்கீட்டுது" என்று மூச்சு வாங்கச் சொன்னேன். ஆரணி சிரிக்கக்கூட இல்லை.

"அம்மா, கடைக்காரர் சாப்பிட்டுப் படுக்கப் போயிட்டினம். பின்னேரம் திரும்பத் திறப்பினம்."

கதிரைகள்

நம்பாமல்தான் பின்னேரம் அவளோடும் நிலாவோடும் போனேன். எல்லாக் கடையும் திறந்திருந்தது. தெரு நிறையப் பிள்ளைகள். வயதான பெண்கள் வாசலில் கதிரை போட்டு இருந்தார்கள். நான் அந்தக் கதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நிலா யாருடைய பந்துக்கோ பின்னால் ஓடிவிட்டாள். காணவில்லை. கதிரையில் இருந்த ஒருத்தி என் முகத்தைப் பார்த்தாள்; எழும்பி மூலைக்குப் போய், நிலாவைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தாள். என்னைத் தன் கதிரையில் இருத்திவிட்டு ஏதோ சொன்னாள். வகுப்புக்குப் போய்க் கொஞ்சம் ஸ்பானிஷ் படித்திருந்த ஆரணியைப் பார்த்தேன்.

"'நாங்கள் இவ்வளவு பேரும் பாத்துக்கொண்டுதானே இருக்கிறம், இவள் எங்க போறது?' எண்டு கேக்கிறா அம்மா."

அந்தத் தெருவிலேயே வீடு எடுத்தோம். பாதுகாப்புக்கென்று கடைசியில் நான் செய்தது, கதவுக்காக வாங்கிப்போன இரண்டாவது பூட்டைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, வீட்டுச் சாவிக்கொத்தில் இருந்த மாற்றுத் திறப்பைப் பெயர்கூடத் தெரியாத அந்தக் கதிரைக்காரியிடம் கொடுத்துவிட்டு வந்ததுதான்.