கட்டிலடியில் உப்பு முடிச்சுகள்

போன வருஷம் மழைக்காலம். மரக்காணம் உப்பளத்தில் வேலை நின்றிருந்தது. அங்கே மேஸ்திரியான என் கணவருக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. யாரிடமும் பேசாமல், சாயங்காலமானால் பஸ் ஸ்டாண்டு பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பிவிடுவார். அங்கே என்னென்ன பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? திரும்பியதும் அறைக்கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே மூச்சு வாங்கும் சத்தம் கேட்கும். கேட்டால், "ஒண்ணுமில்ல, போ" என்பார்.

ஒருநாள் பெருக்கும்போது, கட்டிலடியில் பெரிய தேங்காய் அளவில் இரண்டு உப்பு முடிச்சுகள், துணியில் இறுக்கிக் கட்டியிருந்தன. செய்வினையேதான்! முந்தின வாரம் வந்துபோன நாத்தனார்மேல் சந்தேகம் விழுந்தது. இரண்டையும் தண்ணீரில் கரைத்து, கால்படாத மூலையில் ஊற்றினேன்.

அன்று மாலை அவர் குனிந்து தேடினார். "இங்க இருந்த உப்பு எங்கடி?"

"உங்க தங்கச்சி வெச்சதுதானே? கரைச்சி ஊத்திட்டேன்."

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "நான் கட்டி வெச்சதுடி. வீட்டுலயே வெயிட் தூக்குற எக்சர்சைஸ், கம்ப்யூட்டர்ல பார்த்தேன். கொஞ்ச நாளா செத்துடலாம்னே தோணுது. அதத் தூக்குறப்போதான் அந்த நெனப்பு விடுது."

மறுநாளே பாண்டிச்சேரிக்கு டாக்டரிடம் அழைத்துப்போனேன். திரும்பி வந்து, புது முடிச்சுகளை நானே கட்டிக் கொடுத்தேன்.

இப்போதும் அந்தக் கதவின்மேல் காதை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். மூச்சு வாங்கும் சத்தம் கேட்டால் என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். சத்தம் இல்லையென்றால்தான் சந்தேகம். உடனே கதவைத் தட்டிவிடுகிறேன்.

- ஒரு வாசகி, மரக்காணம்