காயாத வெள்ளைக் கவுன்

மகள் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குக் கிளம்புகிறாள். அதற்குள் படம் முடிந்து, காய்ந்து, அவள் பெட்டிக்குள் போயிருக்க வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக எண்ணெய் வண்ணத்தைத் தொட்டவளுக்கு இது பேராசைதான். பொறுமை எனக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை. பால் பொங்கும்வரைகூட அடுப்படியில் நிற்கமாட்டேன்.

நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பிரெஞ்சுக்காரர் வரைந்த குடும்பப் படம். ஜன்னலோரம் வெள்ளைக் கவுனில் அம்மா. அவள் மடியில் சாய்ந்த மகள். ஓரமாக, நமக்கு முதுகு காட்டி நாற்காலியில் அப்பா. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் அதை அச்செடுத்து, பென்சிலால் கட்டம் போட்டு, அதே கட்டங்களைக் கேன்வாஸிலும் போட்டேன். ஒரு கட்டத்தில் காது, அடுத்ததில் வெறும் வெயில். கிட்டே போனால் தீற்றல்கள், தள்ளி நின்றால் ஒரு வீடு. கிட்டே போனேன், தள்ளி நின்றேன், மறுபடி கிட்டே போனேன். வரைந்ததைவிட நடந்ததுதான் அதிகம்.

கணவர் காபி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"அந்த ஆளு ஏன் அங்கிட்டுத் திரும்பி உக்காந்திருக்காரு?"

"பொண்ணு ஊருக்குப் போறது தாங்காமத்தான்னு வச்சுக்கங்களேன்."

"அட போ. டிவி அங்கிட்டு இருக்கும்."

செவ்வாய்க்கிழமை, வண்ணம் குழைக்கிற ஆளிவிதை எண்ணெய் தீர்ந்துவிட்டது. கடைக்காரர், "மதுரையிலருந்து வரணும்க்கா, வெள்ளிக்கிழமை வாங்க" என்றார். வெள்ளிவரை நான் என்ன செய்வேன்? அடுப்படியில் ஆத்தூர்ப் பக்கத்துச் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் இருந்தது, கண்ணாடிபோல. எண்ணெய்தானே. தூரிகை வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரே மதியத்தில் கவுன் முழுவதும், இரண்டு முகங்களும் முடிந்தன. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

புதன் காயவில்லை. வியாழன் காயவில்லை. மாடிக்குத் தூக்கிப் போனேன். காலையில் பிழிந்த வத்தல் சாயங்காலத்துக்குள் மொறுமொறுவென்று ஆகிவிடும் வெயில். அந்த வெயிலில் படம் இன்னும் பளபளத்தது. அம்மாவின் மோவாய் மெல்ல இறங்கிக் கழுத்துக்கு வந்தது. கீழே கொண்டுவந்து, ஃபேனை முழு வேகத்தில் சுற்றவிட்டு, முன்னும் பின்னும் நடந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கணவர் கூப்பிட்டார்.

"ஏய், இங்க வந்து பாரு. ஒன் வெள்ளைக்காரிய எறும்பு மொய்க்குது!"

சுவரிலிருந்து ஓர் எறும்புச் சாரி இறங்கி, கவுனின் கைக்குள் போய்க்கொண்டிருந்தது. சில அங்கேயே மாட்டிக்கொண்டு கால்களை ஆட்டின. துணி மடித்துக்கொண்டிருந்த மகள் எழுந்துவந்து படத்தை முகர்ந்தாள்.

"இதுல என் தலை வாசம் அடிக்குதும்மா. என்னத்த ஊத்துன?"

சொன்னேன். ஃபோனை எடுத்துத் தேடினாள். உதடு துடித்தது, சிரிப்பை அடக்கத்தான்.

"தேங்கா எண்ணெ காயவே காயாதாம்மா. எம்புட்டு நாளானாலும்."

நான் சுரண்டும் கத்தியை எடுத்தேன். இன்று சுரண்டினால், நாளைக்குள் வேறு எண்ணெயில், ராவும் பகலுமாக உட்கார்ந்தால்... அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இப்போது சிரிப்பில்லை.

"ஒரு வாரமா நானும் பாக்குறேன். வீட்டுக்குள்ள நடந்துக்கிட்டே இருக்க. நாளன்னைக்கு நான் போறேன்மா. செத்த நேரம் உக்காரேன்."

உட்கார்ந்தேன். ஜன்னலோரம்தான் இடமிருந்தது. மிச்ச எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு, தேங்காய் எண்ணெய் பாட்டிலை என் கையில் கொடுத்து, மடியில் தலையைச் சாய்த்தாள்.

"மெதுவாத் தேய்ம்மா. யாரும் வெரட்டல."

என் விரல்கள் மெதுவைக் கற்றுக்கொள்ளத் திணறின. நகக்கண்ணில் இருந்த வெள்ளை அவள் வகிட்டில் ஒட்டியது.

கணவர் எங்களைப் பார்த்தார். நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். டிவியைப் போடவில்லை.