ஸ்கூட்டரில் விழாத மாப்பிள்ளை

எண்பதுகளின் நடுவில், ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தவர் கழுத்தில் பெரிய பட்டையோடு வந்தார். தாம்பரத்தில் விமானப்படையில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த பைலட். தரகர் கொடுத்த போட்டோவைப் பார்த்த அன்றே எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் எங்கள் வீட்டில் பெண்ணை யார் கேட்டார்கள்? அப்பா தலையாட்டினால் கல்யாணம், இல்லையென்றால் அடுத்த போட்டோ.

முந்தின வாரம் அவர் இறக்கிய விமானம் ஓடுபாதையில் துள்ளி, விலகிப் புல்லில் ஓடி, முன்சக்கரம் ஒடிந்து மூக்குக் குத்தி நின்றதாம். கழுத்துச் சுளுக்கோடு நாக்கையும் கடித்துக்கொண்டதில் பேச்சு நின்றுபோயிருந்தது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த சங்கதி. விமானத்தைக் கவிழ்த்தவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று பயந்து, அவருடைய அம்மா வரும் வழியிலேயே ஒரு கதை ஜோடித்துவிட்டார்.

"ஒண்ணுமில்ல சார், ஸ்கூட்டர்ல வழுக்கி விழுந்துட்டான்."

போயும் போயும் எங்கள் அப்பாவிடமா! பள்ளிக்கூட வாத்தியாரான அவர், ஜங்ஷனில் சைக்கிளைக்கூடத் தள்ளிக்கொண்டுதான் சாலையைக் கடப்பார். முகம் தொங்கிப்போய்விட்டது.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நாளைக்கு எம் பொண்ணத்தானே பின்னாடி உக்கார வெச்சு ஓட்டுவாரு?"

கதவோரம் நின்றிருந்த நான் மாப்பிள்ளையை எட்டிப் பார்த்தேன்.

மாப்பிள்ளைக்கும் விஷயம் உறைத்திருக்க வேண்டும். கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, வலது கையை உயரத் தூக்கி, முன்னாலிருந்த ஸ்டூலை நோக்கி மெல்ல இறக்கினார். கை இரண்டு தரம் துள்ளியது. ஓரமாக ஓடியது. விரல் நுனியில் குப்புறக் கவிழ்ந்து நின்றது. அவருடைய அம்மா அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினார்.

அப்பா அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "பிளேனா?"

கழுத்து அசையாததால் மாப்பிள்ளை இடுப்போடு வளைந்து ஆமோதித்தார்.

"இத மொதல்லயே சொல்லக்கூடாதாம்மா?" அப்பாவுக்கு முகமெல்லாம் பல். "கத்துக்கற பிள்ளை, நாலு தடவ விழத்தான் செய்யும். அதுல எம் பொண்ண ஏத்திக்கிட்டுப் போக விடமாட்டாங்க பாருங்க."

கூடமே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஸ்டூலின் மேல் கவிழ்ந்து கிடந்த அந்தக் கைக்குள் இவர் உட்கார்ந்திருந்தாரே என்று நினைத்ததும் பயத்தில் அழுகை முட்டியது. கூடவே கோபமும் வந்தது.

"அடுத்த தடவ பாத்து எறக்குங்க. வீட்ல நான் காத்துக்கிட்டு இருப்பேன்" என்று அத்தனை பேர் நடுவில் சொல்லிவிட்டேன்.

அம்மா என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.