போனுக்குள் இருந்த உம்மா

என் தங்கை றுமைஸா வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போகும்போது அவள் மகன் பஹ்மிக்கு எட்டு மாதம். கைக்குழந்தைக்காரியை அனுப்பமாட்டார்கள் என்று, பிள்ளையே இல்லை என எழுதிய படிவத்தை ஏஜென்சிக்காரன் நீட்டினான். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஏறாவூரில் பாதிச் சுவரோடு நின்ற வீட்டுக்குக் கூரை வேண்டும். கையெழுத்து வைத்தாள். நான் திட்டிய திட்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். பிறகு பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டவளும் நான்தான்.

அவன் தாயை மறந்துவிடக் கூடாதே என்று, பெரிய புத்திசாலி மாதிரி ஒரு வேலை செய்தேன். அவள் வேலைசெய்த வீட்டில் வீடியோவில் பேச விடமாட்டார்கள். அவள் வட்ஸ்அப்பில் அனுப்பும் குரலை, பால் போத்தலை வாயில் வைக்கும்போதெல்லாம் போட்டுவிடுவேன். "என்ட தங்கம், உம்மா வாறன்" என்பாள். பா, பா என்று கூப்பிட்டு அரிசி போட்டுப் பழக்கிய கோழி, வெறுங்கையைக் கண்டாலும் ஓடிவரும். இவனும் அப்படித்தான் பழகினான். பசித்தால் போனைத் தேடுவான். உம்மா எங்கே என்று கேட்டால் போனைக் காட்டுவான். நாங்கள் சிரித்தோம். சிரித்த வாயில் இப்போது அடிக்க வேண்டும்போல் இருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து இரண்டு மாத லீவில் வந்தாள். பிள்ளை ஒட்டிக்கொண்டால் திரும்பிப் போவதில்லை என்றாள். வாசலில் நின்று "என்ட தங்கம்" என்று கூப்பிட்டாள். பஹ்மி சிரித்துக்கொண்டு ஓடிவந்தான். அவளைத் தாண்டி ஓடி, மேசையில் கிடந்த போனை எடுத்துக் காதில் வைத்தான். அவள் தூக்கியபோது கடித்துவிட்டான்.

அவள் கையாலேயே ஊட்டினால் மெல்ல மெல்லப் பழகுவான், எனக்குத் தெரியாததா? ஆனால் அவன் அழுதால் என் நெஞ்சு பொறுக்காது, ஓடிப்போய்த் தூக்கிவிடுவேன். கெடுத்தது நான்தான்.

லீவு முடியும் தறுவாயில் ஒரு மத்தியானம் அவன் அழுகை நிற்கவேயில்லை. றுமைஸா கிணற்றடிக்குப் போய் என் போனுக்கு அழைத்துப் பேசினாள். அவன் விம்மல் அடங்கி, போனைக் கொஞ்சினான். ஜன்னலால் பார்த்துக்கொண்டு அவள் பேசினாள், கண்ணீர் வடிய. பேசி முடித்து உள்ளே வந்து என்னிடம் சொன்னாள்:

"நான் போறன் ராத்தா. அங்க இருந்தாத்தான் நான் இவனுக்கு உம்மா."

போகாதே என்று ஒரு சொல் நான் சொல்லியிருக்கலாம். பிள்ளை என் இடுப்பில் இருந்தான். அவனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இப்போதும் அவள் குரல் வருகிறது. பஹ்மி போனை அணைத்துக்கொண்டு சாப்பிடுகிறான். என்ட தங்கம் என்கிறாள். உம்மா வாறன் என்று மட்டும் சொல்வதில்லை.