நான் வரைந்த சோம்பேறி

முகத்தை யார் வேண்டுமானாலும் வரைந்துவிடலாம், நடைதான் ஆளைக் காட்டும். அறுபதுகளின் கடைசியில் பெங்களூரில் நான் வேலை பார்த்த கார்ட்டூன் ஸ்டுடியோவில் முதலாளி வாய் ஓயாமல் சொன்னது இதுதான். "வெறும் கறுப்பு நிழலாப் போட்டாலும் இவன் யாருன்னு தெரியணும்" என்பார். பல்பொடிக்கும் தீப்பெட்டிக்கும் விளம்பரப் படம் பண்ணிக்கொண்டிருந்த எங்களுக்கு, சுரங்கத் தொழிலாளிகளுக்கான பாதுகாப்புப் படம் ஒன்று கிடைத்தது. கெட்டிக்காரன் ஒருத்தன், சோம்பேறி ஒருத்தன், சோம்பேறியால் ஒரு விபத்து. "நீ தங்கவயல்காரன்தானே" என்று சோம்பேறியை என் தலையில் கட்டிவிட்டார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. தலைக்கனம் அதற்கும் மேலே. தங்கவயலில் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தை ஒட்டி இருந்த அக்கா வீட்டில் தங்கி, தினமும் ரயிலில் போய் வந்துகொண்டிருந்தேன். அக்கா புருஷன், என் மாமா, சுரங்கத்துக்குள் மேஸ்திரி. எனக்குச் சோறு போட்ட மனுஷன். ஷிப்ட் முடிந்து தெருவில் வரும்போது பத்தடிக்கு ஒருதரம் நிற்பார். ஒரு கையைச் சுவரில் ஊன்றி, காதில் சொருகிய பீடியை எடுத்து உதட்டில் வைத்து, போகிற வருகிறவர்களை வேடிக்கை பார்ப்பார். அப்புறம் தோளைத் தூக்கிக்கொண்டு இன்னொரு பத்தடி. சோம்பேறிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு வாரம் ஜன்னலில் உட்கார்ந்து அந்த நடையை வரைந்தேன். எத்தனை நொடி நிற்கிறார் என்றுகூடக் குறித்து வைத்தேன்.

நான் என்ன மடையனா? யாருக்கும் தெரியக் கூடாதென்று முகத்தை மாற்றினேன். மாமா ஒல்லி, மீசைக்காரர். என் ஆளுக்குத் தொந்தியும் வழுக்கையும் கொடுத்து, பீடியிலிருந்து வளையம் வளையமாகப் புகை விட்டேன். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் சுரங்கத்தில் இறங்கினவன் இல்லை. இறங்கியிருந்தால் தெரிந்திருக்கும். கீழே தலைவிளக்கு கண்ணைக் கூசும், எதிரே வருகிறவன் முகமே தெரியாது. நடையைப் பார்த்துத்தான் ஆளைக் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்ட ஜனங்களிடம் முகத்தை மறைத்து நடையைக் காட்டினேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தொழிலாளர் கேம்ப் சினிமாக் கொட்டகையில் படம் போட்டார்கள். மாமாவும் அக்காவும் மூன்றாவது பெஞ்சில். சோம்பேறி திரையில் நடந்து வந்து நின்றான். பின்னாலிருந்து ஒருத்தர், "டேய், இது நம்ம மேஸ்திரிடா" என்றார். கொட்டகை கொல்லென்று சிரித்தது. மாமா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து வெளியே நடந்தார். வாசல் வரை போக முடியவில்லை. பாதியில் நின்று ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டார், கை தானாகக் காதுக்குப் போனது. திரையில் ஒருத்தன், கீழே ஒருத்தன், இரண்டு பேரும் ஒரே மாதிரி நின்றார்கள். சிரிப்பு இன்னும் ஏறியது.

முன்வரிசையில் இருந்த கம்பெனி ஆஸ்பத்திரி டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து மாமாவின் முதுகில் காதை வைத்துக் கேட்டார். "நாளைக்கு எக்ஸ்ரேவுக்கு வாங்க" என்றார்.

நெஞ்சு முழுக்கக் கல்தூசி. மாமாவுக்கு இரண்டு வருஷமாகத் தெரியுமாம். 'அன்பிட்' என்று எழுதிவிட்டால் வேலையும் போகும், கம்பெனி வீடும் போகும் என்று ஒருத்தரிடமும் சொல்லவில்லை. மூச்சு வாங்கத்தான் நிற்கிறார் என்பது வெளியே தெரியாமலிருக்கத்தான் அந்தப் பீடி. அதை அவர் பற்றவைத்ததே இல்லை. புகை நான் போட்டது.

அன்பிட் என்று எழுதியே விட்டார்கள். வீட்டைக் காலி பண்ணுகிற அன்றைக்கு அக்கா பாத்திரங்களைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய்க் கோணியின் வாயைப் பிடித்துக்கொண்டேன். அவள்தான் பேசினாள்.

"படத்தை விடுடா. வூட்டுக்குள்ள வந்தா கட்டில்ல சாஞ்சுக்குவாரு, எனக்கு ஒண்ணும் தெரியல. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கினு போயிருப்பேன். நீ ஒரு வாரம் ஜன்னல்ல குந்திக்கினு அவரையே பாத்தியே. இந்த மனுஷன் ஏன் நிக்கிறாருன்னு ஒரு நாளாவது உனக்குத் தோணலையா?"

"இல்லக்கா" என்றேன். "சிரிப்பா இருந்துச்சு."