மதினி வாங்கிக்கொண்ட திட்டு

சாரல் அடிக்கிற ஆனியிலும் அண்ணன் மனைவியின் கம்ப்யூட்டர் சூடேறி அணைந்துபோனது. மதினி அதில்தான் ஆன்லைனில் கணக்கு வகுப்பு எடுக்கிறாள். மறுநாள் பிள்ளைகளுக்குத் தேர்வு.

"தென்காசில கடையில குடுத்துருவோம் கொழுந்தனாரே" என்றாள்.

நான் விடவில்லை. ப்ராசசருக்கும் மேலே இருக்கும் விசிறிக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கும், புதிதாகத் தடவினால் சூடு இறங்கிவிடும் என்று வீடியோவில் பார்த்திருந்தேன். ஒரு பயறளவு போதும் என்றுதான் அதில் சொன்னார்கள். குற்றாலத்துக்காரன் அளவு பார்த்தா தடவுவான்? அருவிக்குப் போகிறவன் எண்ணெய் தேய்ப்பதுபோல வாங்கிவந்த பேஸ்ட் டியூப் முழுவதையும் பிதுக்கி, வழிய வழியத் தேய்த்துவிட்டேன். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் உயிர் பெறவே இல்லை.

சாயங்காலம் கடைக்குத் தூக்கிப் போனோம். கடைக்காரர் திறந்து பார்த்தார்.

"யாரு பாத்த வேல இது? ப்ராசசர் மாட்டுத ஓட்டை பூராவும் பேஸ்ட்டு எறங்கிக் கெடக்கு."

நான் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தேன்.

"நாந்தான் அண்ணாச்சி, தெரியாமத் தடவிட்டேன்" என்றாள் மதினி.

"டீச்சருங்கீய. ஒரு வீடியோ பாத்துட்டுச் செய்யக்கூடாதாம்மா?"

வாயைத் திறக்க ஒரு நொடி போதும். ஆனால் கடையில் நாலு பேர் நின்றார்கள். "தம்பி, லைட்டப் பிடிங்க" என்றார் அவர். செல்போன் டார்ச்சை அசையாமல் பிடித்தேன். பொறுமையாகத் துடைத்து மாட்டியதும் கம்ப்யூட்டர் ஓடியது.

"இந்தத் தம்பிகிட்டயாவது ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா" என்றார் மதினியிடம்.

"இனி கேட்டுக்கிடுதேன் அண்ணாச்சி" என்றாள் அவள், என் பக்கம் திரும்பாமல்.

கேட்டிருக்கலாம்தான் என்று நானும் தலையாட்டினேன்.