இடது பெருவிரல் ரேகை

திரும்பி வந்த பாரத்தைத் திருத்தி மறுபடி அனுப்புகிற குமாஸ்தாவுக்கு வயிற்றெரிச்சல்தான் மேல்வரும்படி. ஆபீஸ் காகிதத்தோடு மல்லுக்கட்டின உங்களுக்கு நான் சொல்லித்தானா தெரியணும்! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மில்லில், அதாவது வேர்க்கடலை மில்லில், இருந்தேன். மிஷினில் அடிபட்ட கூலியாளுக்கு வைத்தியச் செலவும் நஷ்டஈடும் பட்டணத்து இன்சூரன்ஸ் கம்பெனி தரவேண்டும். அதற்கு எழுதிப்போடுவது என் தலையெழுத்து.

முதல் தடவை

கூட்டேரிப்பட்டு ஏழுமலையின் இடது பெருவிரல் தோலுரிக்கிற மிஷினில் போய்விட்டது. புண் சீழ்பிடித்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் கையே போகும் என்றார் விழுப்புரத்து டாக்டர். ஆனால் கம்பெனி செலவை ஒப்புக்கொண்டு எழுதாமல் அவர் கத்தியைத் தொடமாட்டார்.

பாரம் திரும்பி வந்தது. மனுதாரரின் இடது பெருவிரல் ரேகை இல்லையாம். அடப்பாவிகளா! போனது எந்த விரல் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேனே! ஏழுமலையிடம் சொல்ல எனக்கே நாக்கூசியது. அவன் சொன்னான்: "மல்லாட்டைத் தோலோட கூட்டித் தள்ளிட்டாங்க சாமி. இருந்தா அதையே கவர்ல போட்டு அனுப்பிடலாம்."

இரண்டாம் தடவை

ஏழுமலையின் வலது பெருவிரலை வைத்து, காரணமும் எழுதி அனுப்பினேன். அதுவும் திரும்பியது. மில் கூலிப் பதிவேட்டில் இருக்கிற இடது விரல் ரேகையோடு ஒத்துப்போகவில்லை, ஆள் வேறாக இருக்கலாமாம். எனக்கு ரத்தம் கொதித்தது. இவன்தான் அவன் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்று மானேஜரிடம் கெஞ்சினேன். மனுஷன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கம்பெனியே வேற ஆளுங்கறான். நான் ஏன்யா நடுவுல மாட்டிக்கணும்?"

மூன்றாம் தடவை

கிராம முன்சீப்பிடம் சாட்சி எழுதி வாங்கி அனுப்பினேன். ஒருவழியாக அனுமதி வந்தது. அதை எடுத்துக்கொண்டு விழுப்புரத்துக்கு ஓடினேன். விஷம் ஏறி உயிருக்கே ஆபத்தாகி, முந்தாநாள்தான் மணிக்கட்டோடு வெட்டியிருந்தார்கள்.

கை போனதைக் கம்பெனிக்கு எழுதினேன். விரலுக்குத்தான் அனுமதி, கைக்குப் புதுப் பாரம் போடவும், இடது பெருவிரல் ரேகை அவசியம் என்று பதில். நாசமாய்ப் போக! ஏழுமலையின் சம்சாரம் அஞ்சலையிடம் படித்துக் காட்டினேன். அவள் அழவில்லை. "இன்னும் ஒரு கை இருக்குதுங்க. அதையும் அறுத்துக் குடுத்தா நம்புவாங்களா, கேட்டு எழுதுங்க."

அன்றைக்கே புதுப் பாரத்தின் ரேகைக் கட்டத்தில் என்னுடைய இடது பெருவிரலை மையில் தோய்த்து வைத்து அனுப்பினேன், பதிவேட்டோடு எவனும் ஒத்துப்பார்க்கவில்லை, அந்த ஒரு பாரம் மட்டும் திரும்பி வரவே இல்லை, பணம்தான் வந்தது.